எந்தத் துறை என்று தெளியும் முன் 20 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. மும்பைப் பல்கலைக்கழகத்தில் 68 சதவீத மதிப்பெண்களுடன் பி.காம். முடித்தேன். அந்தேரியில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது மாதம் 31,000 ரூபாய். சயான் கோலிவாடாவில் பெற்றோருடன் வசிக்கிறேன். வீட்டுக்கு 12,000 கொடுக்கிறேன். என் சொந்தச் செலவு 9,000. ஃபிக்சட் டெபாசிட்டில் 2,10,000 ரூபாயும், மியூச்சுவல் ஃபண்டில் 70,000 ரூபாயும், பி.எஃப். கணக்கில் ஏறத்தாழ 90,000 ரூபாயும் உள்ளன. அப்பாவுக்கு 57 வயது; இட்லி அவித்து டீக்கடைகளுக்குக் கொடுக்கிறார். அவருடைய பாக்கி நோட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அது மட்டும் எனக்குச் சலிப்பதில்லை. இப்போதைய வேலையில் நீடிக்க மனம் இல்லை, ஆனால் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. புனேயில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. மொத்தச் செலவு 20 லட்சம். முழுவதையும் கல்விக் கடனாக வாங்கலாம், ஈடு கேட்டால் அம்மாவின் 15 பவுன் நகை இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். மாமா சி.ஏ. படிக்கச் சொல்கிறார். தோழி ஒருத்தி 1,80,000 ரூபாய்க்கு டேட்டா அனலிட்டிக்ஸ் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். இம்மாத இறுதிக்குள் 50,000 ரூபாய் கட்டினால்தான் புனே இடம் உறுதியாகும். என் சேமிப்பை எதில் போடுவது?

பதில்: மூன்று படிப்புகளுக்கும் ஆகும் செலவை விசாரித்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தப் படிப்புகளை முடித்தவர் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை என்ன வேலை செய்கிறார் என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் வயதில் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். எது வேண்டும் என்று தெரியாத காலத்தில், அதைத் தெரிந்துகொள்வதற்காகச் சிறிது சிறிதாகச் செலவிடலாம். திரும்பி வர வழியில்லாத ஒன்றில் மொத்தமாகப் போடக்கூடாது. ஆகவே அந்த 50,000 ரூபாயைக் கட்ட வேண்டாம்.

காரணம் கல்லூரியின் தரம் அன்று, கடனின் அளவு. 20 லட்சத்தை ஆண்டுக்குப் பத்து லட்சமாக இரண்டு ஆண்டுகளில் பெறுகிறீர்கள் என்றும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். கல்விக் கடன்களில் பொதுவாகப் படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி அந்தக் காலம் முழுவதும் ஏறிக்கொண்டே இருக்கும்: முதல் ஆண்டில் 1 லட்சம், இரண்டாம் ஆண்டில் 2 லட்சம், மூன்றாம் ஆண்டில் மேலும் 2 லட்சம். இந்த 5 லட்சம் அசலோடு சேர்க்கப்படும்போது உங்கள் கடன் 25 லட்சமாகிவிடும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 33,000 ரூபாய் தவணை வரும்; கட்டி முடிக்கும்போது கையிலிருந்து சென்றிருப்பது 39 லட்சத்துக்கும் மேல். படிக்கும் இரண்டு ஆண்டுகளில் நீங்கள் இழக்கும் சம்பளம் 7,44,000 ரூபாயை இதில் நான் சேர்க்கவில்லை.

வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வருமான வரிச் சட்டத்தின்படி எட்டு ஆண்டுகள் வரை இந்த வட்டியை வருமானத்தில் கழிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அது பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டுமே பொருந்தும். புதிய முறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரியே இல்லாத நிலையில், வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் அந்தச் சலுகையால் உங்களுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

கடன் என்பது பணச்சுமை மட்டும் அன்று என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஓர் இளைஞர். மாட்டுங்காவில் என் அலுவலகத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 29. சம்பளச் சீட்டையும் கடன் கணக்கு அறிக்கையையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். எம்.பி.ஏ. முடித்து விற்பனைப் பிரிவில் 58,000 ரூபாய் சம்பளம், அதில் 33,000 தவணை. படிப்பின்போதுதான் தனக்கு விற்பனை ஒத்துவராது என்றும், பொருள்களைச் சேமித்து அனுப்பும் கிடங்கு நிர்வாகமே பிடித்திருக்கிறது என்றும் அவருக்குத் தெரியவந்தது. அந்தத் துறையில் ஒரு சிறிய நிறுவனம் 42,000 ரூபாய்க்கு அவரை அழைத்தது. தவணை போக மிஞ்சுவது 9,000. கோவில்பட்டியில் இருக்கும் தாய்க்கு அனுப்புவதே அதற்கு மேல். அந்த 16,000 ரூபாய் இடைவெளியை எப்படியாவது நிரப்ப முடியுமா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். அவர் முன்னிலையில் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழி இல்லை. தனக்கு எது பிடிக்கும் என்று அறிந்துகொண்ட நேரத்தில் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் இல்லாமல் போயிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

எம்.பி.ஏ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓராண்டுக்குப் பிறகும் அதுதான் வேண்டும் என்று உறுதியாகத் தோன்றினால், 20 லட்சம் செலவில்லாத வழிகள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. சர்ச்கேட்டில் உள்ள ஜம்னாலால் பஜாஜ் நிறுவனம் மும்பைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அதே பகுதியில் உள்ள சிடன்ஹாம் மேலாண்மை நிறுவனம் அரசுடையது. இரண்டுக்கும் மகாராஷ்டிர மாநில நுழைவுத் தேர்வு மூலம் சேரலாம், கட்டணமும் நீங்கள் சொல்லும் தொகையைவிட மிகக் குறைவு. போட்டி கடுமையானது; அதற்குத் தயாராக ஓராண்டு தேவைப்படும் என்பதும் காத்திருப்பதற்கு ஒரு காரணம். வெளியூர்க் கல்லூரியாக இருந்தால், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் அது உள்ளதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பட்டியல் தேசியத் தரவரிசையை அடிப்படையாகக் கொண்டது. அதில் உள்ள கல்லூரிகளுக்கு ஈடும் பிணையும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான காலத்தில் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். ஒரு கல்லூரிக்காக அம்மாவின் நகையை ஈடாக வைத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தக் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பதை அவசியம் பார்த்துவிடுங்கள்.

மாமாவின் யோசனை பணக்கணக்கில் மிகவும் சிக்கனமானது. வணிகவியலில் 55 சதவீதத்துக்கு மேல் பெற்ற பட்டதாரி என்பதால் நீங்கள் பவுண்டேஷன் என்ற முதல்நிலைத் தேர்வை எழுதாமல் நேராக இன்டர்மீடியட் என்ற இடைநிலையில் சேரலாம். 2023 ஜூலையில் வந்த புதிய முறையின்படி, இன்டர்மீடியட்டின் இரண்டு பிரிவுகளிலும் தேறிய பிறகே ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பணிப்பயிற்சி, தொடங்கும். அதன் காலமும் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. ஆகவே இன்டர்மீடியட் முடியும் வரை வேலையை விட வேண்டியதில்லை. ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை தேர்வு நடக்கிறது. இப்போது மாதம் உங்களிடம் மிஞ்சும் 10,000 ரூபாயை 18 மாதங்கள் சேர்த்தால் 1,80,000. டெபாசிட்டையும் ஃபண்டையும் கூட்டினால் 4,60,000. ஆர்ட்டிகிள்ஷிப்பில் மாதம் 5,000 ரூபாய்தான் உதவித்தொகை என்று குறைத்தே வைத்தாலும் மேலும் 1,20,000 வரும். வீட்டுக்குக் கொடுப்பதைக் குறைக்காமல் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடக்க உங்களுக்குத் தேவை 5,04,000. நெருக்கமான கணக்குதான். தேர்வு, புத்தகச் செலவுகள் போக அவசர நிதியும் கரையும். ஆனாலும் ஒரு ரூபாய்கூடக் கடன் இல்லாமல் முடிகிற கணக்கு. சி.ஏ. தேர்வில் பலமுறை முயல நேரிடலாம் என்பதையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள். அதனால்தான் அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

டேட்டா அனலிட்டிக்ஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படும் இத்தகைய பயிற்சிகளில், தவணை பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடனாகவே இருக்கும். பயிற்சியைப் பாதியில் விட்டாலும் கடன் நிற்கும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் இதே பாடங்களை இலவசமாகப் படித்து, விரும்பினால் ஆயிரம் ரூபாயளவு தேர்வுக் கட்டணம் கட்டிச் சான்றிதழும் பெறலாம். பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை முதலில் முடியுங்கள். ஐந்தாம் வாரத்தில் விட்டுவிடத் தோன்றினால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்.

இனி அந்தப் பாக்கி நோட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுவதிலும் சலிப்பில்லை என்று நீங்கள் எழுதியது அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே. அதை வைத்து உங்கள் தொழில் இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். சொந்த அப்பாவின் கணக்கு என்பதாலேயே அது இனித்திருக்கலாம். ஆனால் அதில் எந்தப் பகுதி உங்களைப் பிடித்து வைக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். எந்தக் கடை எத்தனை இட்லிக்குப் பாக்கி என்று கூட்டி, கணக்கு நேராகும்வரை விடாமல் தேடுவது பிடித்திருக்கிறதா? டீக்கடைக்காரரிடம் போய்ப் பேசி, மனம் கோணாமல் பணத்தை வாங்கிவருவது பிடித்திருக்கிறதா? அல்லது எந்தக் கடைக்கு இனிக் கடன் கொடுக்கலாம், எதற்கு நிறுத்த வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்வது பிடித்திருக்கிறதா? முதலாவது தணிக்கையாளரின் வேலை. இரண்டாவது வணிக உறவு, விற்பனை சார்ந்தது. மூன்றாவதை வங்கிகளின் கடன் மதிப்பீட்டுப் பிரிவில் நாள் முழுவதும் செய்கிறார்கள். இவற்றில் இரண்டுக்கு எம்.பி.ஏ. பயன்படும், ஒன்றுக்குத் தேவையே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க உங்களிடம் பணம் இருக்கிறது. உங்கள் மாதத் தேவை 21,000. அதன் ஆறு மாத அளவான 1,26,000 ரூபாயை டெபாசிட்டிலேயே தொடாமல் விடுங்கள். மீதி 84,000 ரூபாய்தான் உங்கள் சோதனைப் பணம். வேலையில் இருந்துகொண்டே அடுத்த ஒன்பது மாதங்களில் அதைச் செலவிடலாம். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஊதியம் இல்லாமல் ஐந்து நாள் உடன் இருக்கக் கேளுங்கள். நான்கு பேர் மறுத்தால் ஐந்தாமவர் சம்மதிப்பார். வேலை குறைவான வாரத்தில் போக வேண்டாம். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள் என்பதால், அதற்கு முந்தைய வாரத்தில் விடுப்பு எடுத்துப் போங்கள். பொருந்தாத பில்களை இரவு எட்டு மணிக்குத் தேடும்போதும் உங்களுக்கு அலுக்கவில்லை என்றால், மாமாவின் யோசனை உங்களுக்கானது. மூன்றாவது வேலைதான் பிடித்திருக்கிறது என்றால், வங்கிக் கடன் பிரிவில் இருக்கும் இருவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். பேசுவதற்கு ரயில் கட்டணத்துக்கு மேல் ஆகாது.

பி.எஃப். பணத்தில் கை வைக்க வேண்டாம். ஐந்து ஆண்டு தொடர்ந்த பணி முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. வேலை மாறினால் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுவலக மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரும் சேர்ந்திருந்தால், வேலையை விடும் நாளில் மூவருக்கும் பாதுகாப்பு போய்விடும். அப்பாவின் வயதில் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். அந்தக் காத்திருப்பு பாலிசி எடுத்த நாளிலிருந்தே எண்ணப்படுவதால், பெற்றோருக்கான தனிப் பாலிசியை இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இதற்கான பிரீமியம் உங்கள் மாதச் சேமிப்பில் கணிசமான பங்கைத் தின்னும், மேலே போட்ட சி.ஏ. கணக்கும் சில மாதங்கள் தள்ளிப்போகும். இருந்தாலும் அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

புனே இடத்தை விடுவது பற்றி வீட்டில் பேசுவது எளிதாக இருக்காது. மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அப்பா நாலு பேரிடம் சொல்லியிருப்பார். அவருக்குப் புரிகிற கணக்கில் சொல்லுங்கள். மாதம் 33,000 ரூபாய் என்றால், பத்து ஆண்டுகளுக்குத் தினமும் 1,100 ரூபாய். தன் தொழிலில் அதை ஈட்ட எத்தனை இட்லி அவிக்க வேண்டும் என்று அவர் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்.