பெப்டைடு பிணைகிறது, டி செல் ஏன் துலங்கவில்லை?

ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் கேள்வி: வைரஸ் புரதம் ஒன்றிலிருந்து ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு (புரதத் துண்டு) ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். செல்லின் மேற்பரப்பில் பெப்டைடுகளை ஏந்திக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறுகளில் ஒன்றான எச்எல்ஏ-ஏ*02:01உடன் அது வலுவாகப் பிணையும் என்று கணிப்பு மென்பொருள் காட்டியது. அதைச் செயற்கையாகத் தயாரித்து, ஏ2 வகை எச்எல்ஏ உள்ள கொடையாளர்களின் இரத்தச் செல்களுடன் சேர்த்தபோது, நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் துலங்கவே இல்லை. மென்பொருள் தவறா? 15 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட பெப்டைடுக்கு மாறலாமா?

மென்பொருள் தவறியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. நீங்கள் அதனிடம் கேட்டது பிணைப்பைப் பற்றி. சோதனையில் எதிர்பார்த்தது அடையாளம் காணப்படுவதை. இவ்விரண்டையும் தீர்மானிப்பவை பெரும்பாலும் ஒரே பெப்டைடின் வெவ்வேறு பக்கங்கள்.

1987இல் வெளியான எச்எல்ஏ-ஏ2வின் படிக அமைப்பு, அம்மூலக்கூறின் மேற்பகுதியில் நீண்ட பள்ளம் ஒன்று இருப்பதைக் காட்டியது. எட்டு பீட்டா இழைகள் அதன் தரை. இரண்டு ஆல்ஃபா சுருள்கள் அதன் கரைகள். பள்ளத்துக்குள் ஏ முதல் எஃப் வரை ஆறு குழிகள் உள்ளன. ஏ*02:01இல் பெப்டைடின் இரண்டாம் இடத்து அமினோ அமிலம் பி குழியிலும், கடைசி அமினோ அமிலம் எஃப் குழியிலும் அமர்கின்றன. முன்னதற்கு லியூசினோ மெத்தியோனினோ, பின்னதற்கு வேலினோ லியூசினோ மிகவும் ஏற்றவை. நங்கூர இடங்கள் எனப்படும் இவையே பிணைப்பு வலிமையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. குழிகளின் அமைப்பு எச்எல்ஏ வகைக்கு வகை மாறும் என்பதால் விருப்பமும் மாறும். எச்எல்ஏ-பி27 இரண்டாம் இடத்தில் ஆர்ஜினினை நாடுகிறது. பெப்டைடின் நடுப்பகுதி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்க, டி செல் ஏற்பி முதன்மையாகத் தொட்டுப் பார்ப்பது அந்த நடுப்பகுதியைத்தான். ஆகவே நங்கூரங்கள் கச்சிதமாகப் பொருந்திய பெப்டைடுக்கும், அதன் நடுப்பகுதியை அறியக்கூடிய டி செல்கள் கொடையாளரிடம் மிக அரிதாகவோ இல்லாமலோ இருக்கலாம். நடுப்பகுதி நம் உடலின் சொந்தப் புரதம் ஒன்றை ஒத்திருந்தால், அத்தகைய செல்கள் தைமஸ் சுரப்பியிலேயே களையப்பட்டிருக்கக்கூடும்.

மென்பொருள் தரும் எண்ணையும் அதன் அளவுக்கே மதிக்க வேண்டும். பிணைப்பு வலிமையைச் செறிவால் குறிக்கும் 500 நானோமோலார் என்ற பழைய வரம்பு எல்லா எச்எல்ஏ வகைகளுக்கும் ஒரே மாதிரி பொருந்தாததால், இப்போது தரவரிசை விழுக்காடே பரவலாகக் கையாளப்படுகிறது. இயற்கைப் பெப்டைடுகளின் பெருங்கூட்டத்தோடு ஒப்பிட்டு, முதல் 0.5 விழுக்காட்டுக்குள் வருவதை வலுவானது என்றும், 2 விழுக்காட்டுக்குள் வருவதைப் பலவீனமானது என்றும் பிரிப்பது வழக்கம். பிணைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை இந்த எண் நேரடியாகச் சொல்வதில்லை. என் கணிப்பில், டி செல் துலங்கலை முன்னறிய அந்த நீடிப்பே கூடுதலாக உதவும். டி2 எனும் ஆய்வகச் செல்களில் பெப்டைடைச் சேர்த்து, மேற்பரப்பில் ஏ2 எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று அளந்து இதை அறியலாம்; பெப்டைடுகளை உள்ளே கடத்தும் டாப் புரதம் அச்செல்களில் இல்லாததால், வெளியிலிருந்து வரும் பெப்டைடே ஏ2வை நிலைநிறுத்துகிறது.

செல்லுக்குள் புரதங்களை வெட்டும் புரோட்டியசோம் உங்கள் பெப்டைடைச் சரியான இடத்தில் வெட்டுமா என்ற ஐயம் எழலாம். நீங்கள் பெப்டைடை வெளியிலிருந்து சேர்த்ததால், அதைக் காட்டும் செல்லுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் தொற்றின்போது அப்பெப்டைடு இயல்பாக உருவாகியே இராவிட்டால், கொடையாளரிடம் அதற்கான நினைவுச் செல்கள் இருக்க வாய்ப்பில்லை. அவருக்கு அந்த வைரஸ் தொற்று ஏற்பட்டதா என்பதையே முதலில் உறுதிசெய்யுங்கள்.

நீண்ட பெப்டைடுக்கு மாறுவது வேறொரு கேள்விக்கான விடை. சிடி8 வகை டி செல்களுக்குப் பெப்டைடைக் காட்டும், ஏ2 போன்ற முதல் வகுப்பு எச்எல்ஏ மூலக்கூறின் பள்ளம் இரு முனைகளிலும் மூடியிருப்பதால் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்களே அதில் அடங்கும். சிடி4 வகை டி செல்களுக்குக் காட்டும் இரண்டாம் வகுப்பில் முனைகள் திறந்திருக்கும். ஒன்பது அமினோ அமில மையப்பகுதி 1, 4, 6, 9 ஆகிய இடங்களால் பள்ளத்தைப் பற்றிக்கொள்ள, மீதி வெளியே நீளும். சிடி4 செல்களைத் தேடுவதானால் 15 பொருத்தமே. சிடி8 துலங்கலும் அவற்றால் கிடைப்பதுண்டு என்றாலும், சரியான ஒன்பதை ஏற்கெனவே அறிந்திருக்கும்போது நீளத்தைக் கூட்டுவதால் ஆதாயம் குறைவு.

அடுத்த சோதனைக்கு முன் கொடையாளர்களின் எச்எல்ஏ வகையை நான்கு இலக்க அளவில் பாருங்கள். ஏ2 என்ற பொதுப்பெயருக்குள் அடங்கும் 02:06, 02:07 போன்றவற்றின் விருப்பங்கள் 02:01இலிருந்து வேறுபடுகின்றன. நீரை விலக்கும் அமினோ அமிலங்கள் மிகுந்த பெப்டைடு சரியாகக் கரைந்ததா என்று பாருங்கள். கரைப்பானாகச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓ மிகுந்தால் செல்களுக்கே கேடு. இன்ஃப்ளுயென்சா மேட்ரிக்ஸ் புரதத்தின் 58–66 பெப்டைடை நேர்மறைக் கட்டுப்பாடாகச் சேர்த்தால், செல்களும் முறையும் வேலை செய்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு பிணைப்பே பலவீனம் எனத் தெரியவந்தால், நங்கூரத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். மெலனோமாவின் ஜிபி100 புரதத்தில் 209–217 பெப்டைடின் இரண்டாம் இடத்துத் த்ரியோனினை மெத்தியோனினாக்கியதால் ஏ2 பிணைப்பு வலுத்தது. அந்த மாற்றுப் பெப்டைடு தடுப்பூசி ஆய்வுகளிலும் பயன்பட்டது. எனினும் மாற்றிய பெப்டைடால் பெருகிய டி செல்கள் மாற்றாத பெப்டைடையும், அதைவிட முக்கியமாக, வைரஸ் தொற்றிய செல்லையும் அடையாளம் காண்கின்றனவா என்று தனித்தனியே சோதித்த பின்னரே அம்முடிவை நம்புங்கள்.