சைக்கிள் பாதை கேட்டால் ஏன் ஆய்வறிக்கை வருகிறது? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நகராட்சி சைக்கிள் திட்டம் என்று கெட்டி அட்டை போட்ட புத்தகம் வெளியிட்டு நாலு வருடம் ஆகிறது. ஒரு மீட்டர் பாதைகூடப் போடவில்லை. பணம் இல்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: பெரும்பாலும் சாக்கு. அந்தப் புத்தகத்தில் மூன்றைத் தேடுங்கள்: சாலையின் பெயர், முடிக்கும் தேதி, பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு. ஒன்று குறைந்தாலும் அது வெறும் ஆசைப் பட்டியல். உண்மையான தடை பார்க்கிங். பாதை வரவேண்டிய இடத்தில் இன்று கார் நிற்கிறது. அதை எடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட ஆள் இல்லை. அதனால்தான் ஆய்வுக்கு மேல் ஆய்வு. ஸ்பெயினின் செவில் நகரம் 2006-07இல் சுமார் 80 கி.மீ. பாதையை ஒன்றோடொன்று இணைத்தே போட்டது. அதற்காக ஆயிரக்கணக்கான பார்க்கிங் இடங்களை எடுத்தது.

கேள்வி: வெள்ளைக் கோடு போட்டுவிட்டு ‘பாதை தயார்’ என்கிறார்களே?

பதில்: கோடு காரைத் தடுக்காது. வண்டிகள் குறைவாக, 30 கி.மீ. வேகத்துக்குள் ஓடும் தெருவில் தனிப் பாதையே வேண்டாம். 50 கி.மீ. என்றால் மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு, அங்கே பாதையைப் பிரிக்கும் கல் விளிம்பு அவசியம். கோடுகளிலேயே மோசமானது, நிற்கும் கார்களுக்கும் ஓடும் கார்களுக்கும் நடுவே போடுவது. கார்க் கதவு திறந்தால் சுமார் ஒரு மீட்டர் வெளியே வரும், 1.2 மீட்டர் பாதையில் எங்கே ஒதுங்குவது? வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: நடைபாதையை ஒட்டி சைக்கிள், பிறகு 0.8 மீட்டர் இடைவெளி, அதற்கு வெளியே பார்க்கிங். கூடுதல் செலவு பெயின்ட்தான்.

கேள்வி: எவ்வளவு அகலம் கேட்பது?

பதில்: ஒருவழிக்கு 2 மீட்டர், இருவழிக்கு 3. ஓடும்போது ஏற்படும் ஆட்டத்தையும் சேர்த்து ஒரு சைக்கிளுக்கு ஒரு மீட்டர் வேண்டும். முந்திப் போக இன்னொன்று. ‘குறைந்தபட்சம்’ என்று விதிநூலில் ஓர் எண் இருக்கும். அது நெருக்கடியான இடத்துக்குச் சொன்னது. வரைபடத்தில் அதுவே முழு நீளத்துக்கும் வந்துவிடும். வடிகால் மூடியின் அகலத்தைக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். மூடியின் கம்பிகள் பாதைக்குக் குறுக்காக இருக்கட்டும். நீளவாக்கில் இருந்தால் டயர் சிக்கும்.

கேள்வி: சந்திப்பு வந்ததும் பாதை காணாமல் போகிறதே?

பதில்: ஆபத்து அதிகமான இடத்தில் கைவிடுவதுதான் வழக்கம். காரணம் சிக்னல் நேரம்: கார்களுக்குச் சில விநாடி குறையும் என்று பயம். திரும்பும் ஓட்டுநரின் கண்ணுக்குப் பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாது. மூலையில் ஒரு கல் திட்டு வைத்து, சைக்கிள் கடக்கும் இடத்தை ஒரு கார் நீளம், அதாவது சுமார் 5 மீட்டர், பக்கத் தெருவுக்குள் தள்ளினால் கார் திரும்பி முடித்தபின் சைக்கிளை நேருக்கு நேர் பார்க்கும். வளைவு இறுக்கமாக இருந்தால் வேகமும் தானாகக் குறையும்.

கேள்வி: நெதர்லாந்துக்காரர்களுக்கு அது பழக்கம், நமக்கு ஒத்துவராது என்கிறார் எங்கள் நகர்மன்ற உறுப்பினர்.

பதில்: அங்கேயும் 1960களில் கார் வந்து சைக்கிளை ஓரங்கட்டியது. 1971இல் சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, அரசு அசைந்தது. முதலில் திஹேக்கிலும் தில்பர்க்கிலும் ஒவ்வொரு தனி வழியைப் போட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் பலன் இல்லை. ஊர் முழுக்க இணைத்த டெல்ஃப்ட்டில்தான் சைக்கிள் ஓட்டம் கூடியது. ஆகவே நீங்கள் கேட்கும் சாலை, ஏற்கெனவே உள்ள ஏதாவது ஒரு பாதையில் போய் முட்டவேண்டும்.

கேள்வி: எப்போது கேட்டால் நடக்கும்?

பதில்: மறுபடி தார் போடும்போது. பழைய கோடு எப்படியும் அழியும், புதிதாய் வரையத்தான் போகிறார்கள். தார் வண்டி வந்தபின் போனால் தாமதம். டெண்டருக்கு முன்பே வரைபடம் முடிந்துவிடும். வரப்போகும் ஆண்டின் சாலைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், ஒரு சாலையை டேப் வைத்து அளவெடுங்கள், எண்ணோடு மனு கொடுங்கள். 14 மீட்டர் சாலை என்றால்: வண்டித் தடம் இரண்டு, தலா 3; சைக்கிள் இருபுறமும் தலா 2; ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங் 2.1, கதவு இடைவெளி 0.8, மீதி 1.1 மறுபக்கத் தடுப்புக்கு.

கேள்வி: கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா?

பதில்: சரக்கு இறக்க எங்கே இடம் என்று முதலில் காட்டுங்கள், பக்கத் தெரு முனை போதும். ஆறு மாதம் சோதனை என்று கேளுங்கள், ஆனால் எதை எண்ணுவது, யார் எண்ணுவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். பாரிஸ் 2020இல் தற்காலிகமாகப் போட்ட பாதைகளில் பல அப்படித்தான் நிரந்தரமாயின. சோதனை முடிந்ததும் மன்றத்தில் பெயர் சொல்லி வாக்கெடுக்கச் சொல்லுங்கள்; குரல் வாக்கில் யார் தடுத்தார் என்பது பதிவாகாது.