விறகின் ஈரமும் அடுப்பின் அளவும்
வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சாயப்பட்டறை ஒன்றில் பாய்லர் பார்க்கிறேன். மழை மாதங்களில் அதே அளவு நீராவிக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறகு போட வேண்டியிருக்கிறது. விறகு எரிப்பதைப் பற்றியெல்லாம் நம் நாட்டில் ஆராய்ச்சி நடந்திருக்கிறதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கைக்கணக்கு சரியானதே. நன்றாகக் காய்ந்து 20 சதவீத ஈரம் மட்டும் எஞ்சிய ஒரு கிலோ விறகு ஏறக்குறைய 3,400 கிலோ கலோரி வெப்பம் தரும். அதே மரம் வெட்டிய கையோடு, எடையில் பாதி நீராக உலைக்கு வந்தால், கிலோவுக்கு 1,900 கிலோ கலோரி அளவில்தான் கிடைக்கும். உலை வாயில் கட்டையின் வெட்டுமுகத்தில் நுரை கொப்பளித்துச் சீறுவதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். அந்த நீரை ஆவியாக்கப் போகும் வெப்பம் உங்கள் நீராவிக்கு வந்து சேராத வெப்பம். கூடவே உலையின் சூடு இறங்கி, எரிதல் அரைகுறையாகி, புகைக்கரி குழாய்களில் படிந்து, இருக்கிற வெப்பமும் தண்ணீருக்குள் இறங்கத் தடையாகிறது.

ஆராய்ச்சி நடந்திருக்கிறது, அதுவும் பெருமைப்படும்படி நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், மின்வேதியியல் அறிஞரான அமுல்ய ரெட்டி முன்னின்று 1974-இல் தொடங்கிய 'அஸ்ட்ரா' என்ற பிரிவு, கிராமத்துக்கு வேண்டிய தொழில்நுட்பத்தை ஆய்வுக்கூடத்தின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது. விறகைக் குறைந்த காற்றில் எரித்து, கனன்றுகொண்டிருக்கும் கரிப்படுகை வழியாகச் செலுத்தி, எரியக்கூடிய வாயுவாக மாற்றும் 'கேசிஃபையர்' கலனும் அதே கழகத்தில் பல ஆண்டுகள் செப்பனிடப்பட்டது. அந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, ஏறக்குறைய அதே அளவு ஹைட்ரஜன், பாதியளவு ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். 1988-இல் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்து ஹொசஹள்ளி என்ற சிற்றூரில் இந்த வாயுவால் எஞ்சினை ஓட்டி விளக்கெரித்தார்கள், குடிநீரும் இறைத்தார்கள்.

ஆனால் ஒரு கணக்கை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ விறகிலிருந்து இவ்வழியில் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி, அதாவது விறகிலிருந்த வெப்பத்தில் கால் பங்கு. நன்றாகப் பராமரிக்கப்படும் பாய்லரிலோ முக்கால் பங்கு வெப்பம் நீராவிக்குப் போய்ச் சேரும். மேலும், வாயுவை எஞ்சினுக்குள் விடுவதென்றால் அதிலுள்ள 'தார்' என்ற பிசுபிசுப்பான பொருளை மிக நுணுக்கமாக வடிகட்ட வேண்டும். உலையில் நேரடியாக எரிப்பதற்கு அவ்வளவு சிரமம் கிடையாது. எனவே விறகுக்கும் பயிர்க் கழிவுக்கும் உரிய முதல் வேலை வெப்பம் தருவதுதான் என்பது என் உறுதியான கருத்து. சாயம் காய்ச்சவும், தேயிலை உலர்த்தவும், பட்டுக்கூடு வேகவைக்கவும் நாடெங்கும் எரியும் விறகைப் பற்றி, மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதில் பாதியளவுகூட நாம் பேசுவதில்லை. உங்கள் பட்டறையில் முதலில் செய்ய வேண்டியது விறகுக்கு மேலே ஒரு தகரக் கூரை. பிறகு கட்டைகளைப் பிளந்து, தரையில் படாமல், காற்று புகும்படி அடுக்குவது.

கேள்வி: பஞ்சாபில் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அதை அனல்மின் நிலையங்களில் எரித்தால் என்ன?
– வாசகி, மன்னார்குடி

பதில்: எரிக்கிறார்கள். நிலக்கரியோடு 5 சதவீத அளவில் பயிர்க் கழிவு உருண்டைகளைச் சேர்த்து எரிப்பதற்கென 2021-இல் ஒரு தேசிய இயக்கமே தொடங்கப்பட்டது. தடையாக இருப்பது வைக்கோலின் சாம்பல். அதிலுள்ள பொட்டாசியமும் சிலிக்காவும் சேர்ந்து குறைந்த சூட்டிலேயே உருகி, கொதிகலன் குழாய்களில் கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்கின்றன. குளோரின் உலோகத்தை அரிக்கிறது. வைக்கோலைக் காற்றுப்படாமல் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் வறுத்தெடுத்தால் ஈரம் போய், நிலக்கரியோடு சேர்த்து அரைக்கத் தக்கபடி நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஆனால் இந்தச் சாம்பல் தொல்லை அதனால் தீர்வதில்லை. உயிரி எரிசக்திக்கான தேசிய நிறுவனம் பஞ்சாபின் கபூர்தலாவிலேயே இருக்கிறது என்பது நல்ல பொருத்தம். நம் டெல்டாவில் வைக்கோல் மாட்டுக்குத் தீனி. அதை உலைக்கு அனுப்பும் யோசனை இங்கே வேண்டாம்.

கேள்வி: என் சிறுவயதில் அரசு சார்பில் எங்கள் வீட்டில் 'புகையில்லா அடுப்பு' கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் அம்மா அதை இடித்துவிட்டார். திட்டம் ஏன் தோற்றது?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: உங்கள் அம்மா மீது தவறில்லை. 1983-இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஏறக்குறைய 3.5 கோடி அடுப்புகளைக் கொடுத்துவிட்டு, 2002-இல் மத்திய அரசின் திட்டம் என்ற நிலையில் முடிவுக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் அடுப்பு நன்றாகவே எரிந்தது. அஸ்ட்ரா வடிவமைத்த மூன்று பாத்திர அடுப்பு, பத்து சதவீத வெப்பத்தையே பயன்படுத்தும் மூன்றுகல் அடுப்பைவிட மூன்று மடங்குக்கும் மேல் திறனுள்ளது. ஆனால் அந்தத் திறன் முழுவதும் சில விரற்கடை அளவுகளில் தங்கியிருந்தது. தீ வாய் சற்று அகலமானாலும், பாத்திரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தாலும் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து சூட்டைப் புகைபோக்கி வழியே இழுத்துச் சென்றுவிடும். இலக்கு எண்ணிக்கைக்காக அவசரமாகக் கட்டப்பட்ட அடுப்புகளில் இந்த அளவுகள் தவறின. ஒருமுறை நான் ஒரு கிராமத்து வீட்டில் அடைபட்ட புகைபோக்கியைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு விரல் நுழையும் குழாயில் கரி படிந்து, ஒரு விரல் நுழையத்தான் வழி இருந்தது. அதை எப்படித் துடைப்பது என்று அந்த வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

2009-இல் புதிய முயற்சி தொடங்கியது. அடுப்பைப் பட்டறையிலேயே உலோகத்தில் செய்து கொடுத்தால் அளவு மாறாது என்ற பாடம் அதற்குள் கிடைத்திருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2013-இல் திருத்திய விதியின்படி, சாதாரண விறகடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதமும், சிறு விசிறி பொருத்திய அடுப்புக்கு 35 சதவீதமும் வெப்பத்திறன் இருக்க வேண்டும். இப்போது நீங்கள் விறகடுப்பு வாங்குவதாக இருந்தால், அந்த அமைவனத்தின் முத்திரை இருக்கிறதா என்பதோடு, விசிறி பழுதானால் உங்கள் ஊரில் யார் சரிசெய்வார் என்பதையும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள்.