தலகாணிக்கு அடியில இருந்த திருநீறு

கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு, நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலத் தோட்டப் பாடசாலைல டீச்சர், மெதடிஸ்ட் சபை, வயசு 47. போன வருஷம் அம்மா கேன்சர்ல தவறிட்டாங்க. பெரியாஸ்பத்திரில இனி செய்ய ஒன்னுமில்லனு டிக்கட் வெட்டி அனுப்பிட்டாங்க, கடைசி ரெண்டு மாசம் லயத்து வரிசை வீட்டுலதான், நான்தான் கூட இருந்தேன். அதுக்கப்பறம் சாகப்போறவங்க பக்கத்துல இருக்கிறதுதான் என் ஊழியம்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கு. வேலைய விட்டுட்டு பிலிமத்தலாவ இறையியல் கல்லூரிக்கு போலாமான்னு யோசிக்கிறேன். வீட்டுக்காரர் இந்த வயசுல என்ன படிப்புங்கிறார். நீங்க 44 வயசுல வேலைய விட்டு ஊழியத்துக்கு வந்தவங்க, சொல்லுங்க அக்கா.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒங்க கடிதத்த மூனு தடவ படிச்சேன். அம்மாவுக்கு நீங்க செஞ்சத யாராலயும் சொல்லிக் குடுக்க முடியாது.

மொதல்ல வயச விடுங்க. இங்கிலாந்துல சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா, நர்ஸா இருந்து முதுகுவலியால அத விட்டு ஆஸ்பத்திரில சமூக சேவகரா வேல பாத்தவங்க, 1948ல டேவிட் தாஸ்மான்னு ஒரு போலந்துக்காரர் கேன்சர்ல சாகக் கிடந்தப்ப அவர்கிட்ட உக்காந்து உக்காந்துதான் இப்படிப்பட்டவங்களுக்குனு ஒரு வீடு வேணும்னு அவங்களுக்கு தோனுச்சி. அவர் அந்த வீட்டுல ஒரு ஜன்னலுக்குனு 500 பவுன் எழுதி வச்சிட்டு செத்துப்போனார். இந்த வலிய மாத்தணும்னா டாக்டராகணும்னு சிசிலி அம்மா திரும்பப் படிச்சு 1957ல, முப்பத்தெட்டு வயசுல பாஸ் பண்ணி, 1967லதான் லண்டன்ல அந்த வீட்ட, செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸ தொறந்தாங்க. கணக்குப் பாருங்க, 19 வருஷம். இன்னொன்னும் பாருங்க, அவங்க பக்தியான கிறிஸ்தவங்க, தாஸ்மா யூதர், வேற மதம்.

இத ஏன் சொல்றேன்னா, நான் இந்த எடத்துலதான் தப்பு பண்ணினேன். ஊழியத்துக்கு வந்த புதுசு, தலவாக்கலை பக்கம் ஒரு லயத்துல ஒரு பாட்டி, நாப்பது வருஷம் கொழுந்து எடுத்த கை, வெரலெல்லாம் கறுத்து வெடிச்சி இருக்கும், வயித்துல கட்டி, பேச்சு நின்னுபோச்சு. நான் பைபிள தொறந்து நல்ல சத்தமா ரொம்ப நேரம் ஜெபம் பண்ணினேன், பக்கத்து காம்பராவுக்கெல்லாம் கேட்டிருக்கும். பாட்டி செவுத்துப் பக்கம் திரும்பிட்டாங்க, ஒரு கை மட்டும் தலகாணிக்கு அடியில தடவிக்கிட்டே இருந்துச்சி. நான் கண்ண மூடி இருந்ததால பாக்கல. ஆமேன் சொல்லி முடிச்சதும் மக வந்து தலகாணிக்கு அடியில இருந்து பேப்பர்ல மடிச்ச ஒரு பொட்டலத்த எடுத்தா, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருநீறு. அதத்தான் அந்தக் கை தேடிக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு நாள் கழிச்சு திரும்பப் போனேன், அன்னைக்கு நானே அந்தப் பொட்டலத்த பிரிச்சு அவங்க கைக்குள்ள வச்சேன், பஞ்ச தண்ணில நனைச்சு ஒதட்ட ஈரமாக்கினேன், வேற ஒன்னும் பண்ணல, மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன்.

நம்ம தோட்டத்துல முக்காவாசி சைவ வீடுங்க. சாகப்போறவங்கள அறுவடையா நெனச்சுப் போனா அது ஊழியமே இல்ல தங்கச்சி, இத நான் கோவமாவே சொல்றேன், நம்ம ஆளுங்களே இப்படி செய்றத பாத்திருக்கேன். அவங்க கேட்டா ஜெபம் பண்ணுங்க, தேவாரம் கேட்டா பாடத் தெரிஞ்சவங்கள கூட்டிட்டு வாங்க, கோயில் ஐயாவுக்கு ஆள் அனுப்புங்க.

இன்னொன்னு, வலி. ஒடம்பு கொதிக்கும்போது எந்த வசனமும் காதுல ஏறாது. மோர்பின் குடுத்தா சீக்கிரம் செத்துருவாங்கனு நம்ம சனங்க பயந்து, தாங்க முடியாத அளவுக்கு வந்தப்பறம்தான் ஒரு மாத்திரை குடுக்கிறாங்க. டாக்டர் சொன்ன அளவுல சொன்ன நேரத்துக்கு, வலி திரும்பி வர முன்னாடியே குடுக்கணும், அப்படி குடுத்தா அது ஆள கொல்லாது. மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து சேத்து கேட்டு வாங்கணும். இத அந்த வீட்டுக்கு புரிய வைக்கிறதும் ஊழியம்தான். சாகப்போறவங்க படுறத சிசிலி அம்மா முழு வலினு சொன்னாங்க, ஒடம்பு மனசு குடும்பம் ஆத்துமா எல்லாம் சேந்து வலிக்கிறது. நம்ம லயத்துல அது எப்படினா, மக அம்மா பக்கத்துல இருக்க ஆசப்படுவா, ஆனா காலைல வேலைக்கு பேர் பதியிற பெரட்டுக்கு போகாட்டி பேர் விழாது, பேர் விழாட்டி சம்பளம் இல்ல. நீங்க காலைல போய் உக்காந்தா அவ நிம்மதியா மலைக்கு போவா.

இப்ப கல்லூரி விஷயம். பிலிமத்தலாவ கல்லூரி 1963ல இருந்து நடக்குது, தமிழ்லயும் சிங்களத்துலயும் படிக்கலாம். ஆனா போதகராகணும்னா மொதல்ல சபை ஒங்கள ஏத்துக்கணும், அதனால ஒங்க சபை போதகர்கிட்ட இன்னைக்கே பேசுங்க. வேலைய இப்ப விடாதீங்க, பென்சன் கணக்க சோனல் கல்வி ஆபீஸ்ல கேட்டுட்டு முடிவெடுங்க. வீட்டுக்காரர் மேலயும் கோவப்படாதீங்க, ரெண்டு மாசம் ஒங்கள அம்மாவுக்கு விட்டுக் குடுத்தவர் அவர், பயத்துல பேசுறார். ஒரு நாள் அவரையும் கூட்டிட்டுப் போங்க.

கேரளாவுல 1993ல கோழிக்கோட்டுல ரெண்டு மூனு டாக்டருங்க இப்படிப்பட்ட நோயாளிங்க வலிய ஆத்தறதுக்கு ஆரம்பிச்ச வேல, அப்பறம் ஊர்ச் சனங்களே பயிற்சி எடுத்து வாரத்துல கொஞ்ச மணித்தியாலம் பக்கத்து வீட்டு நோயாளிய பாக்கிறதா வளந்துச்சி. நம்ம லயம் அதுக்கு இன்னும் தோது, ஒரு செவுருதானே இடையில. சனிக்கிழமைல ஆரம்பிங்க.

ஒன்னு மட்டும் கேக்கிறேன், அம்மா போய் ஒரு வருஷந்தான் ஆகுது. வேற ஒரு அம்மாவோட கட்டில் பக்கத்துல உக்காரும்போது ஒங்களுக்கு அழுகை வரும். வந்தா வெளிய போய் அழுதுட்டு வாங்க, அந்த வீட்டுக்காரங்க ஒங்கள தேத்துற மாதிரி ஆகக்கூடாது. நெறைய அழுகை வந்தா இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, அழைப்பு எங்கயும் ஓடிறாது.

ஸ்கூல் லீவு விட்டதும் ரெண்டு நாள் எங்கூட வாங்க. பண்டாரவளை டவுன்ல எறங்கி போன் பண்ணுங்க, நான் த்ரீவீல்ல வந்து கூட்டிட்டுப் போறேன். தடிப்பா ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, மூனு மணிக்கு மேல மிஸ்ட் எறங்கிரும், நாம போற வீட்டுல கதவு ஒழுங்கா மூடாது.

அன்புடன்,
அக்கா