நிழல்வலையை வெளியே மாற்றிக் கட்டுங்கள்

கடலூரில் கல்லூரிப் பசுமைக்குடில் சித்திரையில் கொதிக்கிறது, விசிறியும் கூலிங் பேடும் (நீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும் ஈர அட்டை) ஓடியும் நாற்று வாடுகிறது, கரண்ட் பில்தான் ஏறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் சார், அங்கே பேட் பாதி வேலைதான் செய்யும்.

உங்கள் படத்தில் நிழல்வலை பாலித்தீனுக்கு உள்ளே தொங்குகிறது. வெயில் உள்ளே வந்தபிறகு மறைத்து என்ன பயன்? வலையே சூடேறி அனலை உள்ளேயே விடும். கூரைக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். அப்புறம் முகட்டில் ஒரு திறப்பு, காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக. பக்கத்துப் பூச்சிவலையில் தூசி அடைத்திருந்தால் கழுவுங்கள். எங்கள் குடிலில் கழுவிய அன்றே காற்று வந்தது.

கூரை நீரையும் பிடியுங்கள். 100 சதுர மீட்டரில் 10 மி.மீ. மழை என்றால் கிட்டத்தட்ட 1,000 லிட்டர்.