டோப்ருக் கோட்டையும் ஒரு செய்தித்தாள் நறுக்கும்

கேள்வி: கணினியில் இவ்வளவு நேர்த்தியான போர் விளையாட்டுகள் இருக்கும்போது, 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் வெளிவந்த அட்டைப் போர் விளையாட்டுகளைச் சிலர் இன்னும் ஏங்கித் தேடுவது ஏன்? இது வயதானவர்களின் வெறும் பழம்பெருமைதானா?

பதில்:

கேள்வியின் கடைசி இரண்டு சொற்கள் என்னைச் சுட்டுவிட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் முப்பது வயதுக்குள் இருப்பவர் என்றும், திரையில் படைகளை நகர்த்திப் பழகியவர் என்றும், எங்கோ ஒரு பழைய பெட்டியின் படத்தையும் அதன் விலையையும் பார்த்துத் திகைத்துப்போய் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1981-இல் மேற்படிப்புக்காக மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகருக்குப் போனேன். ஒரு பள்ளி வரலாற்று ஆசிரியரின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அந்த நகரில் போய் இறங்கியது என் நல்லூழ் என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று நாம் ‘வார்கேம்’ என்று சொல்லும் அட்டை விளையாட்டுகளின் தாய்வீடு பால்டிமோர்தான். சார்லஸ் ராபர்ட்ஸ் என்பவர் 1950களில் தாம் உருவாக்கிய ‘டாக்டிக்ஸ்’ என்னும் விளையாட்டைத் தபால் வழியாக விற்றுத் தொடங்கியதே பிற்பாடு அவலான் ஹில் என்னும் பதிப்பகமாக வளர்ந்தது. அந்நிறுவனம் 1958-இல் வெளியிட்ட ‘கெட்டிஸ்பர்க்’, உண்மையில் நடந்த ஒரு போரை எடுத்துக்கொண்டு கடைகளில் விற்கப்பட்ட விளையாட்டுகளில் முன்னோடி. முதலில் அதில் சதுரக் கட்டங்களே இருந்தன. 1961-இல் அறுகோணக் கட்டங்கள் வந்தன. சதுரத்தில் மூலைவாட்டாக நகரும் காய், நேராக நகரும் காயைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரத்தைத் திருட்டுத்தனமாகக் கடந்துவிடும். அறுகோணத்தில் ஆறு திசைகளுக்கும் ஒரே தூரம். இந்தச் சிறு மாற்றத்தை வீட்டுக்காரர் எனக்கு ஒரு தாளில் அளவுகோலால் வரைந்து காட்டிய மாலையில்தான் நான் இதற்குள் விழுந்தேன்.

அவர் எனக்குக் கற்றுத் தந்தது 1964-இல் வெளிவந்த ‘ஆப்ரிக்கா கோர்’. 1941 ஏப்ரலில் ஜெர்மானியத் தளபதி ரோம்மல் லிபியப் பாலைவனத்தில் கிழக்கு நோக்கிப் புறப்படுவதில் ஆட்டம் தொடங்கும். சமையலறை மேசையில் நிலப்படத்தை விரித்து, அதன் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அரை அங்குலச் சதுரக் காய்களை முட்டை அட்டையின் குழிகளில் பிரித்து வைத்திருப்பார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய காய்களில் நடுவில் உள்ளதை எடுக்க ஒரு சாமணம். ஒவ்வொரு காயிலும் தாக்கும் வலிமை, காக்கும் வலிமை, ஒரு முறையில் நகரக்கூடிய கட்டங்கள் என மூன்று எண்கள் இருக்கும். ஜெர்மானியக் கவசப் படைக்கு 7-7-10. அந்த எண்களை இன்று எழுதும்போதும் என் விரல் நுனியில் அந்த அட்டையின் சொரசொரப்பு தெரிகிறது.

நிலப்படத்தில் சல்லூம், சிடி பரானி, ஹல்ஃபாயா கணவாய், டோப்ருக் என்ற பெயர்களைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் சின்னத் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி பெற்று, ‘எகிப்து சண்டைக்கு’ப் போய் வந்தவர். அந்தப் படையின் 12-ஆம் களக் கம்பெனி, நான்காம் இந்திய டிவிஷனோடு சேர்ந்து பணியாற்றியது. சாலை போடுவதும், கண்ணிவெடி எடுப்பதும், தண்ணீருக்கு வழி செய்வதும் அவர்கள் வேலை. ஊரில் திண்ணையில் உட்கார்ந்து அவர் ‘சிடி பரானி’ என்று சொல்லும்போது, ஏதோ கட்டுக்கதை என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். பால்டிமோர் சமையலறை ஒன்றில் அந்தப் பெயர் அச்சில் இருந்தது; இந்தியப் படைகளுக்கும் அங்கே காய்கள் இருந்தன.

இந்த இடத்தில் சிலர், ‘தாத்தா உயிரைப் பணயம் வைத்துப் போன இடத்தை விளையாட்டுப் பொருளாக்கலாமா, இது போரைக் கொண்டாடுவது ஆகாதா’ என்று கேட்பார்கள் என்பது தெரியும். என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். தேரும் யானையும் குதிரையும் காலாளும் நிற்கும் சதுரங்கத்தை யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. உண்மை என்னவென்றால், பாலைவனப் போரில் வீரத்தைவிடத் தண்ணீரும் பெட்ரோலும் எவ்வளவு பெரியவை என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்த விளையாட்டே எனக்குப் புரிய வைத்தது. எரிபொருள் முதலியவற்றைக் குறிக்கும் வழங்கல் காய் அருகில் இல்லாமல் தாக்க முடியாது. தாக்கினால் அந்த வழங்கல் தீர்ந்துபோகும். ஜெர்மானியருக்கு அடுத்த வழங்கல் வருமா, மத்தியதரைக் கடலில் மூழ்குமா என்பதைப் பகடை சொல்லும். பலமான கவசப் படையை வைத்துக்கொண்டு, எரிபொருள் இல்லாமல் மூன்று முறை கைகட்டி நின்ற ஒருவருக்குப் போரின் மீது மோகம் வளராது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அந்த விளையாட்டுகளில் கணக்கு முழுவதும் ஆடுபவரின் கண்முன்னே, அவர் கையாலேயே நடந்தது. டோப்ருக் கோட்டைக்குள் இருப்பவரின் காக்கும் வலிமை இரட்டிப்பாகும். அதாவது 3 என்பது 6 ஆகும். தாக்குபவர் 18 புள்ளிகளைத் திரட்டினால் விகிதம் மூன்றுக்கு ஒன்று. 17 புள்ளிகள்தான் கிடைத்தன என்றால் மீதி காப்பவருக்கே சாதகமாகத் தள்ளப்பட்டு, அது இரண்டுக்கு ஒன்றாக இறங்கிவிடும். மூன்றுக்கு ஒன்றில் தாக்குபவர் அடியோடு அழிய வழியில்லை. இரண்டுக்கு ஒன்றில் உண்டு. அந்த ஒரே ஒரு புள்ளிக்காக, எங்கோ பின்னால் தங்கிவிட்ட ஒரு சின்னக் காயை நினைத்து இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் எத்தனையோ பேர். தோற்றால், எந்தக் கட்டத்தில், எந்த முறையில், எதை நகர்த்தாததால் தோற்றோம் என்று விரல் வைத்துச் சொல்ல முடியும். கணினி விளையாட்டு எனக்குத் தோல்வியைச் சொல்கிறது. அதன் கணக்கைத் திறந்து காட்டுவதில்லை.

விதிகள் இருவர் கையிலும் இருந்ததால், அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பும் இருவரிடமே இருந்தது. நான் ஏங்குவது இதற்குத்தான், இதைச் சொல்ல ஒரு நிகழ்ச்சியை விவரித்தாக வேண்டும்.

1983-இல் படிப்பை முடித்துத் திருச்சிக்குத் திரும்பினேன். மறு ஆண்டு நானும் அந்தப் பால்டிமோர் வீட்டுக்காரரும் ‘ஆப்ரிக்கா கோர்’ ஆட்டத்தைத் தபாலில் தொடங்கினோம். தபாலில் பகடை உருட்டுவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அவலான் ஹில் நிறுவனமே அதற்கு ஒரு வழி வகுத்திருந்தது. தாக்குபவர், நியூயார்க் பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரையும், கடிதத்தின் தபால் முத்திரைக்குப் பிந்திய ஒரு தேதியையும் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் தேதியில் அந்நிறுவனத்தின் பங்குகள் எத்தனை நூறு கைமாறின என்பது மறுநாள் செய்தித்தாளில் வரும். அந்த எண்ணின் கடைசி இலக்கம் பகடையின் இடத்தில் நிற்கும். அதற்கென்றே தனி அட்டவணையும் உண்டு. யாராலும் முன்னறிய முடியாத, இருவராலும் சரிபார்க்க முடிந்த எண் அது.

ஆனால் திருச்சியில் இருந்த என்னால் சரிபார்க்க முடியாது. அமெரிக்கச் செய்தித்தாளின் பங்குப் பக்கம் எனக்கு எங்கே கிடைக்கும்? ‘நீங்கள் சொல்வதை நம்புகிறேன்’ என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். அவர் அதற்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு தாக்குதலுக்கும் இரண்டு கடிதங்கள் அனுப்பினார்: நிறுவனத்தின் பெயரும் தேதியும் குறித்த கடிதம் ஒன்று, பின்னர், அந்தத் தேதிக்கான செய்தித்தாள் நறுக்கு வைத்த கடிதம் ஒன்று. இரண்டு உறைகளின் தபால் முத்திரைகளையும் நான் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

1985-இல் அவர் ரோம்மல், நான் டோப்ருக்கில் இருந்தேன். அவருடைய வழங்கல் அடுத்தடுத்து இரண்டு முறை கடலில் மூழ்கியிருந்தது. கையில் எஞ்சியது ஒரே ஒரு வழங்கல். ஒரு காய் ஒரு கட்டம் தள்ளி நின்றுவிட்டதால் அவருக்குக் கிடைத்தவை 17 புள்ளிகள். காத்திருந்தால் எகிப்திலிருந்து என் துணைப்படைகள் வந்துவிடும். ஆகவே இரண்டுக்கு ஒன்றில் தாக்கத் துணிந்தார். முதல் கடிதம் வந்தபோது அவர் குறித்திருந்த தேதி கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அதாவது முடிவு ஏற்கெனவே அச்சாகிவிட்டது, நான்தான் அறியவில்லை. அடுத்த பத்து நாட்கள் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் வாசற்படியில் தபால் கிடக்கிறதா என்று பார்ப்பதே என் வேலை.

இரண்டாவது உறையில் இரண்டு விரல் அகல நறுக்கு ஒன்று இருந்தது. சிவப்புப் பென்சிலால் ஓர் இலக்கத்தைச் சுற்றி வட்டமிட்டிருந்தார். அட்டவணையில் பார்த்தேன்: தாக்கியவர் அழிவு. ரோம்மலின் கவசப் படைகள் அத்தனையும் ஒரே நொடியில் போயின. நறுக்கின் கீழே, ‘டோப்ருக் உன்னுடையதுதான், அடுத்த நகர்வை எழுது’ என்று ஒரே வரி. ஏறத்தாழப் பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், யாரும் பார்க்காத இடத்தில், தம் ஆட்டத்தை முடித்துவைக்கும் எண்ணைத் தாமே கத்தரித்து, ஒட்டி, காசு செலவழித்து எனக்கு அனுப்பியிருக்கிறார். அந்த நறுக்கு இன்றும் என்னிடம் இருக்கிறது.

இந்த வகை விளையாட்டுகள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. 1970-இல் வந்து பெரும்புகழ் பெற்ற ‘பான்சர்பிளிட்ஸ்’ ஆட்டத்தில், டாங்கிகள் எதிரியின் முன்னே ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குச் சுடப்படாமல் தாவிச் செல்ல விதிகள் இடம் கொடுத்தன. 1979-இல் ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்த ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்ரிக்கா’, இத்தாலியப் படைகளுக்கு மக்ரோனி வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்ற விதிவரை போயிற்று. எதிரி எங்கிருக்கிறார் என்று தெரியாத இருளைக் கணினி அட்டையைவிட நன்றாகவே காட்டுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1998-இல் அவலான் ஹில் நிறுவனம் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவுக்கு விற்கப்பட்ட செய்தியைப் படித்தபோது, காலம் மாறிவிட்டது என்பதை நானும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் ஏக்கம் வேறு, அறியாமை வேறு.

ஒரு மனக்குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் கிடப்பது. அந்தப் பால்டிமோர் நண்பர் ஓய்வு பெற்றுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, அந்தப் பெட்டியையே எனக்குக் கப்பல் தபாலில் அனுப்பினார். அது இங்கே ஓர் அலுவலகத்தில் சிக்கிக்கொண்டது. வெளிநாட்டு நிலப்படமும் படைக் குறிகளும் இருப்பதால் விளக்கம் வேண்டும் என்றார்கள். நான் எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். கொடுத்தது காணாமல் போயிற்று என்று சொல்லி மீண்டும் கேட்டார்கள். நான்கு மாதங்கள் நடந்தேன். கடைசியில் கைக்கு வந்தபோது, முட்டை அட்டையில் வகை பிரித்து அவர் அடுக்கி அனுப்பிய காய்கள் அத்தனையும் ஒரு பழுப்பு உறையில் கொட்டப்பட்டிருந்தன. வழங்கல் காய்கள் இரண்டைக் காணோம். ‘சின்ன அட்டைத் துண்டுதானே சார்’ என்றார் அங்கிருந்தவர். வழங்கல் இல்லாமல் அந்த ஆட்டத்தில் ஒரு தாக்குதல்கூட நடக்காது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.

நீங்கள் ஆடிப் பார்க்க விரும்பினால், ‘வாஸல்’ (Vassal) என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது; பழைய ஆட்டங்கள் பலவற்றை அதில் இணையவழியே இன்னொருவரோடு ஆடலாம், விதிகளை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் அது எங்கள் முறைக்கு நெருக்கமானது. பெட்டியையே வாங்குவதானால், படம் அழகாக இருக்கிறது என்று பணத்தைக் கொடுத்துவிடாமல், விதிப்புத்தகம் இருக்கிறதா, காய்களின் எண்ணிக்கை சரியா என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். ஒன்றிரண்டு குறைந்திருந்தால் அதற்காக விட்டுவிட வேண்டாம். கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை அரை அங்குலச் சதுரமாக வெட்டினால், தடிமன் கிட்டத்தட்டச் சரியாக வரும். நான் அப்படித்தான் இரண்டு வழங்கல் காய்களைச் செய்து வைத்திருக்கிறேன். ஒன்றின் பின்பக்கத்தில் மஞ்சள் தடவிய ஓரமும், ‘சுபமுகூர்த்த’ என்ற எழுத்துகளும் இன்னும் தெரியும்.