ஹோஸ்டஸ் வேலைக்கு 40,000 ரூபாய் எதற்கு?

கேள்வி: வயது 22, பி.காம் முடித்திருக்கிறேன், ஊர் நாமக்கல் பக்கம். சென்னையில் ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்டில் ஹோஸ்டஸ் வேலை (வாசலில் வருபவர்களை வரவேற்று டேபிளில் உட்கார வைப்பது) வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பயிற்சி, வேலை இரண்டுக்கும் சேர்த்து 40,000 ரூபாய் கேட்கிறார். டிகிரி சர்டிஃபிகேட் ஒரிஜினலை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வருடம் கழித்து துபாய்க்கு அனுப்புவாராம். என் ஆங்கிலம் சுமார்தான். இந்த வேலைக்கு நான் சரிப்படுவேனா?

பதில்: சரிப்படுவீர்களா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பாதி இப்போது, மீதி சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். நான் பதினெட்டு வருடமாகச் சென்னை ரெஸ்டாரன்ட்களில் ஃப்ளோர், அதாவது சாப்பிடும் கூடத்தின் பொறுப்பு, பார்க்கிறேன். நல்ல ஆள் கிடைக்காமல் அலைவது நாங்கள்தான். மதியக் கூட்டம் கலைந்தபின், மூன்றரை மணிவாக்கில், பயோடேட்டாவோடு நேரே வந்து மேனேஜரைப் பாருங்கள். நடுவில் ஒருவர் எதற்கு?

பயிற்சிக்குத்தான் பணம் என்பார். மூன்று நாள் ஒரு வாடகை அறையில் உட்கார வைத்து வணக்கம் சொல்லப் பழக்கி, ஒரு கலர் சர்டிஃபிகேட் கொடுப்பார்கள். அதை எந்த மேனேஜரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. படிக்கத்தான் வேண்டுமென்றால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ திட்டத்தில் உணவு பரிமாறும் பயிற்சி கட்டணமில்லாமல் உண்டு. அடுத்த பேட்ச் எப்போது என்று சென்னை தரமணியில் இருக்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியில் விசாரியுங்கள். இப்படி ஒன்று இருப்பதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள்.

இனி ஹோஸ்டஸ் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஞாயிறு மதியம் ஒன்றேகால் மணி. எல்லா டேபிளும் நிறைந்துவிட்டது. வாசலில் எட்டுப் பேர் குடும்பம், அதில் ஒரு பாட்டி, ஒரு கைக்குழந்தை. பின்னாலேயே இருவர் வந்து, “நாங்க ரெண்டு பேர்தானே, சீக்கிரம் உட்கார வைங்க” என்கிறார்கள். உள்ளே ஐந்தாம் டேபிளுக்கு ஐஸ்கிரீம் போய்விட்டது, ஒன்பதில் பில் வைத்தாயிற்று, பன்னிரண்டில் இப்போதுதான் சூப். எது எப்போது எழும் என்ற கணக்கு உங்கள் தலைக்குள் ஓட வேண்டும். இரண்டு பேர் என்றால் சுமார் முக்கால் மணி, குடும்பம் என்றால் ஒன்றேகால் மணிக்குக் குறையாது. எந்த டேபிளை எதோடு ஒட்டினால் எட்டுப் பேர் உட்காரலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இருபது நிமிடம் ஆகும் என்று தோன்றினால் இருபத்தைந்து என்று சொல்லுங்கள். “அஞ்சு நிமிஷம் சார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐந்து என்று சொல்லப்பட்டவர் பதினைந்தாவது நிமிடத்தில் கத்துவார். அரை மணி என்று சொல்லப்பட்டவருக்கு இருபத்தைந்தில் டேபிள் கிடைத்தால் சந்தோஷமாக உள்ளே போவார். அப்புறம், நாலு டேபிள் சேர்ந்தாற்போல் காலியானால் நாலையும் ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. ஆர்டர் மொத்தமும் கிச்சனில் ஒன்றாகப் போய் விழும்.

சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிப்பது நம் ஊர்ப் பழக்கம். அவர்களை முகம் கோணாமல் வெளியே அழைத்து வந்து, பெயர் எழுதி, தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க முடிகிறதா? முடிந்தால் இந்த வேலை உங்களுக்கு வரும். ஆங்கிலம் பெரிய தடையில்லை. நேரம், எண்ணிக்கை, பெயர், வருத்தம் தெரிவிப்பது எல்லாம் முப்பது நாற்பது வாக்கியங்கள்தான். இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

சம்பளம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். “டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் பங்கு எல்லாம் சேர்த்து” என்று ஒரு பெரிய தொகை சொல்வார்கள். டிப்ஸ் பெரும்பாலும் பரிமாறி பில் கொடுக்கும் ஸ்டூவர்ட் கைக்குத்தான் போகும். சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-ல் அதை உறுதி செய்தது. ஆகவே நிலையான சம்பளம் எவ்வளவு, இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா, இரவு பதினொரு மணிக்கு வீடு சேர வண்டி உண்டா என்று மட்டும் கேளுங்கள். நிற்க வேண்டிய வேலை இது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ரெஸ்டாரன்ட் வாசலில் ஹோஸ்டஸுக்கு ஒரு முக்காலி போட்டிருப்பதைப் பார்ப்பது இன்றும் அபூர்வம். எந்த அதிகாரியும் வந்து என்னிடம் கேட்டதில்லை.

வேலைக்காக யாருக்கும் பணம் தராதீர்கள் என்றேன். இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அது வெளிநாடு. இதைத்தான் ஏஜென்ட்கள் குழப்பிவிடுவார்கள் என்பதால் நிதானமாகப் படியுங்கள். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கலாம். மொத்தம் 35,400. அதுவும் ரசீதோடு. பதிவு பெற்றவரா என்பதை அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சப்-ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்த உரிமை கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டமோ ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது என்கிறது. ஆக, சென்னை வேலைக்கே 40,000 கேட்பவர் இந்த விலக்குக்குள் எங்கும் வரமாட்டார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்தப் பேச்சையே நிறுத்துங்கள். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குக் வேலைக்காக வெளிநாடு போக அரசின் அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) தேவையில்லை என்பதால் உங்கள் ஒப்பந்தத்தை இங்கே அரசு அலுவலகம் எதுவும் சரிபார்க்காது. படித்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள்.

இப்போது அவசரம் உங்கள் சர்டிஃபிகேட். மூன்று நாளில் திருப்பித் தரும்படி இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். அந்தச் செய்தி சாட்சியாக இருக்கும். தரவில்லை என்றால் அப்பாவை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புகார் பதிவானதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள்.